எட்டாவது பெயர்

எட்டுப் பேர் சேராவிட்டால் வகுப்பு இல்லை.
விதி பதினான்கு, உட்பிரிவு இரண்டு.
அதைத் தட்டச்சு செய்ததே நான்தான்,
தார்த்து நகரமே ஏரிக்கரைக்குப் போய்விட்ட ஒரு ஜூலையில்.

வெள்ளி மாலை நான்கு மணிக்குப் பட்டியல் மூடும்.
மூன்று ஐம்பத்திரண்டுக்கு
போர்த்துகீசியம், தொடக்கநிலை: ஏழு.
போர்த்தோவுக்குப் பரிமாற்ற மாணவனாகப் போகவிருக்கும் ப்ரீத்து,
கால்பந்துக்காகச் சேர்ந்த இரட்டையர்,
நோக்கம்: காதல் என்று கூசாமல் எழுதிய லாஷா
(ஜார்ஜியாக்காரன், விசா முத்திரையே இன்னும் உலராதவன்),
நோக்கம் எழுதாத மூவர்.

கற்பிக்க இருந்தவள் எடெல்வினா சித்தோயே,
மொசாம்பிக், பெய்ரா துறைமுகம்.
எங்கள் சதுப்புநிலத்தில் துளையிட்டு
கரிமண்ணின் வயதை அளக்க வந்தவள்.
அவளுக்கான அழைப்புக் கடிதமும் என் கைவேலைதான்:
‘தங்களை வரவேற்பதில் பெருமகிழ்ச்சி கொள்கிறோம்.’
பத்தொன்பது ஆண்டுகளில் அந்தப் பெருமகிழ்ச்சியை
நாலாயிரம் தடவை அச்சடித்திருக்கிறேன்.
ஒரு தடவைகூட எழுந்து போய்க் கதவைத் திறந்ததில்லை.

மூன்று ஐம்பத்தெட்டு.
எட்டாவது கட்டத்தில் ஹெல்வே ராண்ட் என்று அடித்தேன்.
நோக்கம் என்ற இடத்தில் ஒரு புள்ளி.
காலியாக விட்டால் கணினி ஏற்காது.

செவ்வாய்தோறும் ஆறேகால், மூன்றாம் மாடி.
என்னைவிட முப்பது வயது இளையவர்களுக்கு நடுவில்
புது மொழி
புதுச் செருப்பு மாதிரி கடித்தது.

என் மொழியில் அவனும் அவளும் ஒரே சொல்.
இங்கோ மேசைக்குப் பெண்பால், டம்ளருக்கு ஆண்பால்,
சாவி பெண், பூட்டு ஆண்.
அஃறிணை என்று நான் ஒதுக்கி வைத்திருந்த அலுவலகம் முழுக்க
திரும்பி என்னைப் பார்த்தது.
ஸ்டேப்ளர் என்ன பால் என்று தெரியாமல்
ஒரு வாரம் அதைக் கூச்சத்தோடு தொட்டேன்.

‘உன் பெயருக்கு என்ன பொருள்?’ என்றாள்.
ஒரு துகள் பனி, என்றேன், விரல்களால்.
அவள் சன்னலைக் காட்டினாள்.
‘பனி பெண்பால். குளிர் ஆண்பால்.
பெய்ராவில் இரண்டையும்
மீன்காரர் ஐஸ் பெட்டிக்குள்தான் பார்த்திருக்கிறேன்.’
ப்ரீத்து சிரித்தான்.
இரட்டையர் அன்று வரவில்லை, அதற்குப் பிறகும்.

நவம்பரில், நாலு மணிக்கே இருட்டிவிடும் நாட்களில்,
எதிர்காலம் நடத்தினாள்.
எங்கள் வினைச்சொற்களுக்கு எதிர்காலமே கிடையாது.
நாளை போகிறேன், என்போம்.
அடுத்த ஆண்டு ஓய்வுபெறுகிறேன், என்போம்.
இருக்கிற நிகழ்காலத்தையே
கால்வரை இழுத்துப் போர்த்திக்கொள்வோம்.
அவர்களிடமோ ஒன்றுக்கு மேல் இருக்கிறது.
அதில் ஒன்று
‘போனால்’ என்பதற்கும் ‘போகும்போது’ என்பதற்கும்
நடுவே ஒரு காலைத் தூக்கி நிற்கிறது:
குவாந்து எயூ ஃபோர்…

‘வாக்கியத்தை முடியுங்கள்.’
லாஷா லிஸ்பன் போய் ஒரு கதவைத் தட்டினான்.
ப்ரீத்து ஆற்றைப் பார்த்த அறை எடுத்தான்.
என் முறை.

ஊரார் கடவுச்சீட்டுகளின் நகல்கள் என் அலமாரியில்
அகரவரிசையில் நிற்கின்றன.
என்னுடையது காலாவதியாகி ஆறு ஆண்டு.

நான் பெய்ராவுக்குப் போ…
கறுப்பு ரொட்டி கொண்டுவருவேன்.

ஓர் எழுத்து தப்பு.
அவள் திருத்தவில்லை.
‘நெய் மாதிரி வெண்ணெய் உருகும் ஊர்,
ரொட்டியை மட்டும் கொண்டுவா’ என்றாள்.

ஜனவரியில் தணிக்கைப் பிரிவிலிருந்து கடிதம்:
பணியாளர் ஒருவர் மாணவர் இடத்தில் அமர்ந்தது குறித்து
மூன்று வரிக்குள் விளக்கம் தருக.
நூற்றுப் பன்னிரண்டு யூரோ சம்பளத்தில் பிடிக்கப்படும்.

பிடிக்கட்டும்.
முதல் வரி: எட்டுப் பேர் சேராவிட்டால் வகுப்பு இல்லை.
இரண்டாவது: பனி பெண்பால் என்பது எனக்குத் தெரியாமல் இருந்தது.
மூன்றாவதில் ஒரு புள்ளி.

அச்சடித்து, தாள் இரண்டையும் சேர்த்துக் குத்தினேன்.
ஸ்டேப்ளர் ஆண்பாலாம்.
கேட்டு வைத்திருந்தேன்.